துடக்கு வீட்டுச் சாட்சி

என் புருஷனை இதில் அவன் என்றுதான் எழுதப்போகிறேன். இத்தனை வருஷமாக "இஞ்சேருங்கோ" என்று கூப்பிட்டு, வாங்கோ போங்கோ போட்டு, சாப்பாட்டைக் கையில் கொடுத்து நான் கண்ட பலன் போதும். யாருக்காவது இது மரியாதைக் குறைவாகப் பட்டால் வாசிப்பதை இதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

நாங்கள் லண்டனில் குட்மேய்ஸ் பக்கம் இருந்தோம். மேல்மாடிச் சின்ன அறையில் மெஷின் போட்டு நான் பிளவுஸ் தைப்பேன். கீழே முன்னறையில் என் அம்மா. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. என் அண்ணை இல்ஃபோர்ட்டில், நாலைந்து பஸ் தரிப்பு தள்ளி. பிரான்சில் ரெஸ்டோரண்டுகளின் பின்கட்டில் பாத்திரம் கழுவிக் கை வெளுத்து, பிறகு லண்டனுக்கு வந்து, தலை நரைக்கத் தொடங்கின பிறகுதான் ஊரிலே பெண் எடுத்தார். என் மச்சாள் அவரைவிட நல்ல இளமை, வடிவானவள். என் புருஷனை வாய் நிறைய "அண்ணை" என்பாள், முறையும் அதுதான். அவன் அவளைத் "தங்கச்சி" என்பான். அந்த இரண்டு சொல்லும் அவர்கள் வாயில் பட்ட பாடு பிறகு தெரியும்.

எதிர்வீட்டில் ஒரு மாமி. சொந்தம் இல்லை, பழக்கம்தான். அவவுக்கு ஒரு வறட்டு இருமல். கதவு மணியை அடிக்க முதலே இருமல் வந்துவிடும். கோயிலில் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டு நின்றாலும் மாமி வந்தது எல்லோருக்கும் தெரியும். அவவை நினைவில் வைத்திருங்கள்.

அந்த வருஷம் கோயில் தேருக்கு இரண்டு கிழமை இருக்கும்போது யாழ்ப்பாணத்தில் என் மாமனார் செத்துப்போனார். செத்தவீட்டை ஃபோனில்தான் பார்த்தோம். எங்கள் ஆட்களுக்குச் சாவு விழுந்தால் முப்பத்தொரு நாள் துடக்கு, அதாவது தீட்டு. கடலுக்கு அந்தப் பக்கம் செத்தாலும் துடக்கு துடக்குத்தான். வீட்டில் மீன், இறைச்சி என்று மச்சம் இல்லை, மற்றவர்களின் நல்ல காரியத்துக்குப் போவதில்லை. முக்கியமாகக் கோயில் வாசலை மிதிக்க மாட்டோம். சாமி வெளியே வந்தால் அந்தத் தெருவில்கூட நிற்க மாட்டோம். இது யாரும் சொல்லித் தருவதில்லை. நெருப்பைத் தொடக்கூடாது என்பது போல எங்களுக்குத் தெரிந்த விஷயம்.

ஆகவே தேர் அன்று எங்கள் வீடு மட்டும் செத்த வீடாகக் கிடந்தது. தெருவில் உள்ள தமிழ்ச்சனம் முழுக்கப் பட்டுடுத்திக்கொண்டு போனது. யன்னலால் பார்த்தேன், அதில் பாதி பிளவுஸ் நான் தைத்தது. அவன் காலையிலேயே "ஷிப்ட் இருக்கு" என்று போய்விட்டான். நான் அம்மாவுக்குக் கஞ்சி கொடுத்துவிட்டு, ஃபோனில் தேர் இழுப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணை வேட்டியோடு, வெறும் மேலோடு, வடத்தைப் பிடித்துக்கொண்டு நின்றது ஒரு கணம் தெரிந்தது. அம்மாவுக்குக் காட்டினேன். "என்ர பிள்ளை மெலிஞ்சிட்டான்" என்றார்.

பின்னேரம் செய்தி வந்தது. மச்சாள் வீட்டுப் படியால் தலைகீழாக விழுந்து கிடந்திருக்கிறாள். தலை உடைந்து, இடுப்பெலும்பு முறிந்து. தேரால் வந்த அண்ணைதான் கண்டு, தூக்கி மடியில் வைத்துக்கொண்டு அம்புலன்ஸுக்கு அடித்திருக்கிறார். பொலிஸ் வந்தபோது அவர் வேட்டி முழுக்க இரத்தம். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரி, போன கிழமை அந்த வீட்டில் பெரிய சத்தம் கேட்டது என்று சொன்னாள். அது உண்மைதான். மச்சாளுக்கு ஆரோ ஒருவனோடு கதை இருக்கிறது என்று அண்ணையின் காதில் விழுந்திருந்தது. ஆர் என்று தெரியாமல் கத்தியிருக்கிறார்.

மச்சாள் முதலில் நினைவில்லை என்றாள். பிறகு, "அவர்தான் தள்ளினவர்" என்றாள்.

எங்கள் துடக்கும் கழிந்து, ஆஸ்பத்திரியால் விட்டதும் அவளை எங்கே கொண்டுபோவது என்று கேள்வி வந்தது. "பாவம், ஆருமில்லாத பெட்டை. இஞ்சை கொண்டு வருவம்" என்றான் என் புருஷன். அம்மாவும் ஓம் என்றார். மகன் மேல் குற்றம் சொன்னவளை வீட்டில் வைத்து, பின்னேரம் பின்னேரம் பக்கத்தில் இருந்து, "உண்மையைச் சொல்லு பிள்ளை, அவன் தள்ளினவனோ?" என்று கேட்பார். அவள் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுப்பாள். அவள் தலையைக் கழுவிவிட்டது நான். மலசலகூடத்துக்குத் தாங்கிப் போனது நான். அவன் தட்டில் சோறு போட்டு, மீன் முள்ளெடுத்து, அவள் கட்டிலுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பான். இருபது வருஷத்தில் எனக்கு ஒரு நாள் ஒரு முள் எடுத்தவனில்லை. நான் அதைப் பார்த்து, இந்த மனிசனுக்கும் இரக்கம் இருக்கிறதே என்று நினைத்தேன். விசரி!

வழக்கு நடந்த நாட்களில் நான் கோர்ட்டுக்குப் போகவில்லை. அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து படுக்கையில். விட்டுவிட்டு எழும்ப ஏலாது. அவனைப் பொலிஸ் சாட்சிக்குக் கூப்பிட்டது. என்ன சொன்னாய் என்று கேட்டேன்.

"வேலையாலை வரேக்கை உன்ர கொண்ணையைக் கண்டனான். கோவத்தோடை வீட்டுக்கை போனவர். அதைத்தான் சொன்னனான். பொய் சொல்லச் சொல்லுறியோ என்னை?"

சண்டை பிடித்தேன். அழுதேன். அவனுக்குச் சமைக்காமல் விட்டேன். ஆனால் கண்டதைத்தானே சொன்னான், அவன் என்ன செய்வான் என்றும் ஒரு மூலையில் இருந்தது. அண்ணை, தேர் திரும்பி வந்து நிற்கும் மட்டும் வடத்தில் நின்றதாகச் சொன்னார். அந்தச் சனத்துக்குள் யார் எப்போது போனார்கள் என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியவில்லை. சொந்த மச்சானே எதிராகச் சொன்னால் எந்த ஜூரிதான் நம்பாது? ஏழு வருஷம் சிறை, எங்கள் பேச்சில் மறியல், என்று தீர்த்தார்கள்.

நடந்து பழகியதும் மச்சாள் இல்ஃபோர்ட்டில் ஒரு ஃபிளாட் எடுத்துப் போனாள். கவுன்சில் அலுவல், டொக்டர் அலுவல் என்று அவன்தான் கூட்டிக்கொண்டு திரிந்தான்.

அம்மாவுக்கு ஒரே ஒரு ஆசை. "என்ர மோன் வந்து கொள்ளி வைக்கோணும். அதுக்குப் பிறகு என்ன வேணுமெண்டாலும் நடக்கட்டும்." அண்ணை உள்ளே போய் இரண்டாவது மாரிக்கு அம்மா கண்ணை மூடினார். அண்ணையை வெளியே விடக் கேட்டோம், விடவில்லை. ஒரே ஆண்பிள்ளை அவர். பேரனும் இல்லை. யார் செய்வது என்று சனம் முகத்தை முகம் பார்க்க, அவன் சேட்டைக் கழற்றிவிட்டு முன்னால் வந்தான். கொள்ளிக்குடத்தைத் தோளில் வைத்து அம்மாவைச் சுற்றினான். தகனசாலைக்குள் போய், எரிக்கிற பொத்தானை அமத்தினான். "மருமோன் எண்டால் இப்பிடி இருக்கோணும்" என்று என் காதுபடச் சொன்னார்கள். நான் அவன் காலில் விழாத குறை.

செத்தவீடு முடிந்து கொஞ்ச நாளில் மாமி சோறு கொண்டுவந்தார். இருமல் முதலில், மாமி பிறகு. நாங்கள் குசினியில் இருந்தபோது அவன் குளித்து, வேட்டி கட்டி, திருநீறு பூசிக்கொண்டு வெளியே போனான். மாமி அவன் போவதை யன்னலால் எட்டிப் பார்த்தார்.

"எங்கை போறார்?"

"தெரியாது மாமி."

"இந்த முறையெண்டாலும் துடக்கோடை கோயிலுக்குப் போகாமல் இருக்கச் சொல்லு பிள்ளை" என்று மாமி நக்கலாகச் சொன்னார்.

"எந்த முறை போனவர்?"

மாமி வாயில் வைத்த சோற்றை மெல்லாமல் இருந்தார். பிறகு இருமினார். நான் விடவில்லை. தண்ணீர் கொடுத்து, முதுகைத் தடவி, எல்லாவற்றையும் கறந்தெடுத்தேன்.

மாமி வழக்கு நாட்களில் கோர்ட்டில் பார்வையாளர் பக்கத்தில் இருந்திருக்கிறார். இன்னும் நாலைந்து எங்கள் சனமும். படம் பார்க்கிற மாதிரிப் போயிருக்கிறார்கள், வேறென்ன! அங்கே என் புருஷன் வேலையைப் பற்றி மூச்சே விடவில்லை. தானும் தேருக்குப் போனதாகவும், தேர் திரும்ப முதலே அண்ணை கோபத்தோடு வெளிக்கிட்டதாகவும், தான் பின்னால் நடந்து வந்து அவர் வீட்டுக்குள் போனதைக் கண்டதாகவும் சத்தியம் பண்ணியிருக்கிறான். அண்ணை கூண்டில் எழும்பி, "அவருக்குத் துடக்கு! தேருக்கு வரேல்லை!" என்று கத்த, இருக்கச் சொல்லி அதட்டியிருக்கிறார்கள். அண்ணையின் லோயர், "நீங்கள் துக்கத்தில் இருந்தீர்கள்தானே?" என்று ஒப்புக்குக் கேட்க, "ஓம், எண்டாலும் மனம் கேக்காமல் போனனான்" என்றிருக்கிறான். கோர்ட்டுக்கு அது பெரிய பக்தியாகத் தெரிந்திருக்கும். தகப்பன் செத்த துக்கத்திலும் கடவுளைத் தேடிப் போன மனிசன்!

"உங்களுக்கு அது பொய் எண்டு தெரியுந்தானே மாமி?"

"எங்களுக்குத் தெரியாதோ பிள்ளை? துடக்குக்காரன் தேரடிக்கு வந்திருந்தால் ஒருத்தரும் காணாமல் விடுவினமோ?"

"அப்ப ஏன் சொல்லேல்லை?"

"உனக்காகத்தான். பிள்ளையும் இல்லை, புருஷனும் போனால் நீ என்ன செய்வாய்?"

அவ போன பிறகு நான் கழுவின கோப்பையையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டு நின்றேன். எனக்கு வேலை என்றான். கோர்ட்டில் கோயில் என்றான். வேலைக்குப் போயிருந்தால் அதைச் சொல்ல என்ன பயம்? அன்றைக்கு லீவு எடுத்திருக்கிறான். பொலிஸ் ஒரு ஃபோன் அடித்தால் வெளித்துவிடும் என்றுதான் அங்கே கோயிலைச் சொன்னான். வேலையிலும் இல்லை, கோயிலிலும் இல்லை என்றால் எங்கே இருந்தான்? இல்ஃபோர்ட்டில் அந்தத் தெருவில் உள்ள தமிழ்ச்சனம் முழுக்கத் தேருக்குப் போயிருந்த நாள். யாரும் காண மாட்டார்கள் என்று பார்த்துத் தெரிந்தெடுத்த நாள். மீன் முள் நினைவுக்கு வந்தது. தங்கச்சியாம், அண்ணையாம்! நாசமாய்ப் போவான், என் அண்ணையின் வீட்டுக்குள்ளேதான் இருந்திருக்கிறான்.

மறியலில் அடுத்த பார்வை நாளில் அண்ணையிடம் போனேன். மேசைக்கு அந்தப் பக்கம் ஆள் பாதியாய் இருந்தார்.

"உங்களுக்குத் தெரியுமோ அண்ணை?"

"கோர்ட்டிலை அவன் வாயைத் திறந்த உடனை விளங்கிட்டுது."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"அவன்ர வீட்டிலைதானே அம்மா படுத்திருந்தவ. உன்னையும் அவவையும் அவன் றோட்டிலை விட்டால் நான் இஞ்சையிருந்து என்ன செய்யிறது?"

அம்மா இனி இல்லை. எனக்கு இனி யாருக்கும் பயமும் இல்லை. பிளவுஸ் தைக்க வருகிற ஒரு பெட்டை லோயர். அளவெடுக்கும்போதே அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கையைத் தூக்கியபடியே கேட்டாள். "அன்ரி, துடக்கெண்டால் போகக்கூடாது, சரி. ஆனால் மனிசர் போவினந்தானே? அவர் கோர்ட்டிலையே போனனான் எண்டு சொல்லிட்டார். போகேல்லை எண்டு அவரே தன்ர வாயாலை சொன்னால்தான் ஏதாவது செய்யலாம்."

அவரே தன் வாயால். அதை நான் ஊசியில் நூலைக் கோப்பது போல மனதில் கோத்து வைத்துக்கொண்டேன். வீட்டில் வாய் திறக்கவில்லை. சோறு போட்டேன், சேட்டு அயன் பண்ணினேன். அவனோடு ஒரே வீட்டில் மூச்சு விடுவது எனக்கு எப்படி இருந்தது என்று கேட்காதீர்கள்.

அவனுக்கு இந்த உலகத்தில் பெருமை என்று ஒன்றுதான். சாமியை வாகனத்தில் தூக்கும்போது முன்பக்கத் தூக்குத் தடி, முன்கொம்பு, அவனுடையது. முன்கொம்புக்காரன் என்றால் கோயிலில் தனி மதிப்பு. படிக்கிறது தேவாரம், இடிக்கிறது சிவன்கோயில் என்பது அவனைப் பார்த்துத்தான் சொல்லியிருக்க வேண்டும். திருவிழா நெருங்க, பிளவுஸுக்கு வரிசை கட்டிச் சனம் வந்தது. நான் வாயில் குண்டூசியை வைத்துக்கொண்டு ஒருத்தியிடம் மட்டும் சொன்னேன். "என்ர மனிசன் மாமா செத்த துடக்கோடை தேருக்குப் போனவராம். கோர்ட்டிலை தானே சொன்னவராம். சாமி குத்தம் வந்திடுமோ எண்டு எனக்குப் பயமாக் கிடக்கு." அவள் என் வீட்டு வாசலைத் தாண்ட முதலே ஃபோனை எடுத்தாள்.

ஐயையோ, அதற்குப் பிறகு நடந்ததைப் பார்க்க வேண்டும்! பொய்ச்சாட்சியைக் கேட்டும் அசையாத சனம், துடக்கு என்றதும் துள்ளி எழும்பிவிட்டது. அந்த வருஷம் தேர் அச்சு முறிந்ததும், ஒருவருக்கு நெஞ்சுவலி வந்ததும் இதனால்தான் என்றார்கள். கோயிலுக்குப் பிராயச்சித்தம் செய்ய வேண்டும், அவனிடமிருந்து கொம்பைப் பறிக்க வேண்டும் என்று நிர்வாகம் கூட்டம் வைத்தது. ஒரு மனிதன் செய்யாத குற்றத்துக்கு மறியலில் கிடக்கிறான் என்று அந்தக் கூட்டத்தில் ஒரு நாய்கூட வாய் திறக்கவில்லை.

வெள்ளிக்கிழமைப் பூசை முடிய அவனைச் சாமிக்கு முன்னால் கூப்பிட்டார்கள். நானும் பெண்கள் பக்கம் நின்றேன். கொடிக்கம்பத்தடியில் சனம் நெரிந்தது. தலைவர் கேட்டார்.

"தம்பி, வளைக்காமல் சொல்லும். கொப்பர் செத்த துடக்கோடை தேருக்கு வந்தனீரோ, இல்லையோ?"

"ஆர் சொன்னது? எந்தக் கட்டையிலை போவான் சொன்னது?"

"கோர்ட்டிலை சொன்னனீராம்."

அவன் கையை வீசினான். "அது கோர்ட்டு. அங்கை வெள்ளைக்காரனுக்கு ஆயிரம் சொல்லுவம். இது கோயில். சூடம் கொளுத்துங்கோ ஐயா!"

ஐயர் தட்டில் சூடம் ஏற்றினார். அவன் அதன் மேல் கையை அடித்தான். "அண்டைக்கு நான் இந்தக் கோயில் வாசலையும் மிதிக்கேல்லை, தேரடிக்கும் வரேல்லை. வந்திருந்தால் என்ர கண் ரெண்டும் அவிஞ்சு போகட்டும்!"

தலைவருக்கு வாயெல்லாம் பல். கோயில் தப்பியது, கொம்பும் அவனுக்கே என்றார். "அரோகரா" என்று சனம் கத்தியது. நாலைந்து பேர் ஃபோனில் வீடியோப் படம் பிடித்திருந்தார்கள். அன்றைக்கே ஊரெல்லாம் அனுப்பினார்கள், அவனுடைய பக்தியைக் காட்ட. எங்கள் சனத்துக்குள் சொன்னது எங்கள் சனத்தைத் தாண்டாது என்று அவன் நம்பினான். அதுவரைக்கும் தாண்டினதும் இல்லைத்தானே! நுணலும் தன் வாயால் கெடும். எனக்கும் ஒருத்தி அந்தப் படத்தை அனுப்பி, "உங்கடை மனிசன் சொக்கத்தங்கம் அக்கா" என்று எழுதியிருந்தாள். நான் அதை அப்படியே லோயர் பெட்டைக்கு அனுப்பினேன்.

அந்த ஒரு சத்தியத்தைப் பிடித்துக்கொண்டு வழக்கைத் திரும்பக் கிளறினார்கள். இழுத்தது, நல்லாய் இழுத்தது. பொலிஸ் படத்தைப் போட்டுக் காட்ட மச்சாள் உடைந்துவிட்டாள். அன்றைக்கு அவன் அவளோடு இருந்திருக்கிறான். புருஷனிடம் எல்லாவற்றையும் சொல்லப்போகிறேன் என்று அவள் வெருட்ட, படியில் வைத்துத் தள்ளியிருக்கிறான். என்னை விட்டுவிட்டு அவளைக் கட்டுவதாக ஆஸ்பத்திரிக் கட்டிலில் சொன்னானாம். அதற்காக அண்ணையைக் காட்டிக்கொடுத்தாளாம். தன்னைத் தள்ளினவனுக்காகத் தாலி கட்டினவனை உள்ளே அனுப்பினவளை நான் என்னவென்று சொல்வது? நான் கழுவிவிட்ட தலைக்குள் அவ்வளவும் இருந்திருக்கிறது. இப்போது அவன் உள்ளே. முன்கொம்பை வேறொருவன் பிடிக்கிறான்.

அண்ணை வந்த அன்று எங்கள் வீட்டு வாசலில் செருப்புக் குவியல். வடை, சோறு, கேக் என்று மேசை நிறைந்தது. ஒவ்வொருவராக அண்ணையின் கையைப் பிடித்து அதே கதை: "எங்களுக்கு அப்பவே தெரியும் தம்பி, நீங்கள் செய்திருக்க மாட்டியள்." அண்ணை ஓம் ஓம் என்று தலையாட்டிக்கொண்டு, அம்மாவின் படத்துக்குக் கீழே இருந்தார். கொள்ளி வைத்தது யார் என்று அவருக்குத் தெரியும். அந்தக் கதையை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

மாமி எடுத்தார். தேத்தண்ணியை உறிஞ்சிக்கொண்டு, "கொம்மாவுக்கு அந்தப் பாவி கொள்ளி வைச்சதை நினைக்கத்தான் தம்பி எனக்கு நெஞ்சு வேகுது. ஐயரைக் கேட்டால் அதுக்கும் ஒரு பரிகாரம் சொல்லுவார்" என்றார். சொல்லி முடித்து இருமினார்.

அண்ணை தலையை நிமிர்த்தினார்.

"மாமி, நீங்கள் கோர்ட்டுக்கு வந்தனீங்கள் என்ன?"

"ஓம் தம்பி, ஒவ்வொரு நாளும் வந்தனான்."

"உங்கடை இருமல் கேட்டது. திரும்பிப் பார்க்க விடமாட்டினம். எண்டாலும் அந்த இருமலைக் கேட்க எனக்கு எவ்வளவு தெம்பு தெரியுமோ? எங்கடை ஆக்கள் இருக்கினம், அவன் துடக்குக்காரன் எண்டு இவைக்குத் தெரியும், ஆராவது ஒருத்தர் எங்கடை லோயரிட்டை வந்து ஒரு சொல்லுச் சொல்லுவினம் எண்டு நினைச்சன். தீர்ப்புச் சொல்லும் மட்டும் அந்த இருமலைத்தான் கேட்டுக்கொண்டு நிண்டனான்."

மாமி தேத்தண்ணிக் கோப்பையை மேசையில் வைத்தார்.

"அங்கை கதைக்கக் கூடாதெண்டு எழுதிப் போட்டிருந்தது தம்பி" என்றார் மாமி.

நான் எழும்பிப் போய், அந்தக் குவியலுக்குள் மாமியின் செருப்பைத் தேடி எடுத்து, தெருப்பக்கம் பார்க்க வைத்துவிட்டு, கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றேன்.